மல்லிகா பேட்ச்

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. இனிமேல் டேட்டாபேஸ் எல்லாம் கிளவுடுக்குப் போகிறதாம். பேட்சுகளை அவர்களே பார்த்து, அவர்களே ஒட்டிவிடுவார்களாம். நம் ஆட்களுக்கு அந்த வேலை மிச்சம். கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். நானும் ஒன்று தட்டி வைத்தேன். ரிடையர் ஆனவளுக்குத் தட்டுவதைத் தவிர வேறென்ன வேலை?

கொஞ்ச நேரத்தில், நான் ஓய்வு பெறும் சமயத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் தனியாக எழுதிக் கேட்டாள். "மேடம், அப்போல்லாம் எந்த பேட்ச் வேணும், எது வேணாம்னு நீங்க எப்படி டிசைட் பண்ணுவீங்க?"

"கேன்டீன்ல உட்கார்ந்து பேர் வைப்போம்" என்று பதில் போட்டேன். அவள் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டுப் போய்விட்டாள். கிழவி ஜோக் அடிக்கிறாள் என்று நினைத்திருப்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் சொன்னது அட்சர சுத்தமான உண்மை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் என்னைப் பற்றி நாலு வரி. நான் பெங்களூர் தொம்மலூர்க்காரி. இன்று கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கின்றனவே பழைய ஊர்த்தெருக்கள், அங்கே பிறந்து வளர்ந்தவள். பாலிடெக்னிக் முடித்து, ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் அறையில் டேப் மாற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே கற்றது இரண்டு விஷயம்: குளிரைத் தாங்குவது, எதையும் தொடுமுன் நகல் எடுத்து வைப்பது. சில வருடம் அங்கே, சில வருடம் இங்கே என்று சுற்றி, கடைசியில் ஒரு மருந்துக் கம்பெனியில் டேட்டாபேஸ் நிர்வாகியாக வந்து சேர்ந்தேன். ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி மேலே தொங்கவிடுகிறார்களே குளுக்கோஸ் பாட்டில், அதைத் தயாரிக்கும் கம்பெனி. ஃபாக்டரி ஊருக்கு வெளியே பொம்மசந்திராவில். கம்ப்யூட்டர்காரர்களான எங்களுக்கு மட்டும் தொம்மலூரில் ஆபீஸ். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பெங்களூரில் இதைவிடப் பெரிய பதவி உயர்வு கிடையாது.

அங்கே என் மேலதிகாரி நஞ்சுண்டப்பா சார். ஆள் குள்ளம், குரல் உயரம். தாய்மொழி கன்னடம். தமிழர்களோடு பேசிப் பேசி அவருக்கென்று ஒரு தமிழ் உண்டாகியிருந்தது. எங்கள் வீட்டிலும் பாதி கன்னடம் என்பதால் எனக்கு அது சுலபமாகப் புரிந்தது. மற்றவர்களுக்கும் பயத்தில் புரிந்துவிடும்.

பேட்ச் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். டேட்டாபேஸ் மென்பொருளை எழுதியவர்களும் மனிதர்கள்தான். எங்காவது ஓட்டை விழுந்திருக்கும். அது தெரியவரும்போது அந்த இடத்துக்கு மட்டும் ஒரு ஒட்டுத்துணி தைத்து அனுப்புவார்கள். அதுதான் பேட்ச். ஒன்றிரண்டு என்றால் கவலையில்லை. நூற்றுக்கணக்கில் வரும். எல்லாவற்றையும் ஒட்டினால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு பேட்ச் ஓர் ஓட்டையை அடைத்துவிட்டு, அடுத்த வீட்டுச் சுவரில் கை வைக்கும். ஒட்டாமலே விட்டால் என்ன என்றால், என்றாவது ஒருநாள் அந்த ஓட்டையில் நம் கால் போகும். ஆக, எது வேண்டும் எது வேண்டாம் என்று பொறுக்குவதுதான் எங்கள் பிழைப்பு.

இந்தப் பொறுக்கல் விழா போல நடப்பது அப்கிரேடு சமயத்தில். கொள்முதலிலிருந்து சம்பளம் வரை கம்பெனியின் மொத்தக் காரியத்தையும் பார்க்கும் பெரிய மென்பொருள் ஒன்று உண்டு. அதைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது அடியில் இருக்கும் டேட்டாபேஸையும் மாற்ற வேண்டும். பழைய டேட்டாபேஸில் வருடக்கணக்காக நாம் ஒட்டிய பேட்சுகள் இருக்கும். அதில் சிலவற்றைப் புதிய பதிப்பே விழுங்கியிருக்கும். அவற்றைத் தொட வேண்டாம். சிலவற்றுக்குப் புது அளவில் தைத்த ஒட்டு கேட்டு வாங்க வேண்டும். சில, நாம் அந்த வசதியையே இப்போது பயன்படுத்துவதில்லை என்பதால் தேவைப்படாது. இதுபோக, இதுவரை நம்மைக் கடிக்காத, ஆனால் உலகத்தில் யாரையோ கடித்துவிட்ட ஓட்டைகளுக்கான பேட்சுகள். தலைவலியே அவைதான்.

இந்தக் கடைசிக் கும்பலைச் சமாளிக்கத்தான் நஞ்சுண்டப்பா சார் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பேட்சுக்கும் நீளமாக ஓர் எண் இருக்கும். ஒருநாள் மீட்டிங்கில் நான் ஓர் எண்ணைச் சொல்ல, மென்பொருள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷபீர் இன்னோர் எண்ணை நினைத்துக்கொண்டு தலையாட்ட, இரண்டு பேரும் ஒருமணி நேரம் வெவ்வேறு பேட்சைப் பற்றி மனமொத்துப் பேசி முடித்திருக்கிறோம். சார் தலையில் அடித்துக்கொண்டார்.

"நோடம்மா, நம்பருக்கெல்லாம் நோவு ஆகல்ல. ஆளுக்குத்தான் நோவு ஆகுது. இந்த பேட்ச் ஒட்டலேன்னா நம்ம கம்பெனில யாரு அளுவாங்க? அவங்க ஹெசரு ஹேளி, பேரு சொல்லுங்க. அதுதான் இனி இதுக்குப் பேரு."

அன்றிலிருந்து அதுவே சட்டம். சாயங்காலக் காப்பி நேரத்தில், கேன்டீன் மூலை மேசையில், மத்தூர் வடை சாட்சியாகப் பெயர் சூட்டு விழா நடக்கும். பேட்சோடு வரும் விளக்கத்தை யாராவது ஒருவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படிக்க வேண்டும். நடுவில் தாவினால் சார் கண்டுபிடித்துவிடுவார். பிறகு, அந்த ஓட்டையால் பாதிக்கப்படப் போகிற ஆளை, ஊர் பெயர் சொல்லி அடையாளம் காட்ட வேண்டும். 'ஃபைனான்ஸ் டிபார்ட்மென்ட்' என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். "டிபார்ட்மென்ட் அளாது, ஆளுதான் அளும்" என்பார். அப்படித்தான் கணக்குப் பிரிவு குருராஜ் பேட்ச், கொள்முதல் பிரிவு விமலா பேட்ச் எல்லாம் பிறந்தன. குருராஜுக்கு இதில் ஏகப் பெருமை. தன் பெயரில் சாலை வைத்தது போல நடந்துகொள்வார். பெயர் கிடைக்காத பேட்சை சார் ஒட்ட விடமாட்டார். அழுவதற்கு ஆளில்லாத வீட்டில் டாக்டருக்கு என்ன வேலை என்று முடித்துவிடுவார்.

வெளியிலிருந்து வந்த ஆலோசகர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கும் ஆரம்பத்தில் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆனால் போகப்போக ஒன்று கவனித்தேன். எண்ணைப் பற்றி வாதாடும்போது யார் குரல் பெரிதோ அவர் ஜெயித்தார். பெயரைப் பற்றி வாதாடும்போது, எழுந்துபோய் அந்த ஆளையே கேட்டுவிட்டு வரத் தோன்றியது. அந்த முறைமீது எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

இனி மல்லிகா விஷயம்.

மல்லிகா பொம்மசந்திரா ஃபாக்டரியில் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர். சாயங்காலம் லாரிகளில் பாட்டில் பெட்டிகளை ஏற்றி, கம்ப்யூட்டரில் பதிவு செய்து, கேட் பாஸ் அடித்துக் கொடுத்து அனுப்புவது அவள் வேலை. சிக்கல் என்னவென்றால், அந்தப் பதிவுத் திரை சாயங்கால நெரிசலில் அப்படியே உறைந்து நிற்கும். சுழல்கிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு அவளும் நிற்பாள். அதற்குள் கம்பெனி பஸ் கிளம்பிப் போய்விடும்.

பஸ் போனால் என்ன, வேறு பஸ் இல்லையா என்று நானும் முதலில் கேட்டேன். அவள் போனில் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது.

"மேடம், நான் இருக்கறது மர்ஃபி டவுன்ல. எங்க வூட்டுக்காரருக்கு பால் டெய்ரில நைட் ஷிஃப்டு. கம்பெனி பஸ்ஸைப் புடிச்சா, நான் போய் எறங்கறப்போ அவரு கெளம்பாம இருப்பாரு. ஒரு டீ சேர்ந்து குடிப்போம். பஸ்ஸை வுட்டா, நான் உள்ள போறப்போ அவரு வெளிய போயிருப்பாரு. காலைல அவரு வர்றதுக்குள்ள நான் கெளம்பிடுவேன். அப்புறம் ஞாயித்துக்கெழமைதான். எங்க வூட்டுக்காரரு இப்போ சண்டே பேப்பர் மாதிரி ஆயிட்டாரு மேடம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் திரையைச் சரிசெய்ய நான் செய்யாத வித்தையில்லை. என் நரையில் பாதி அதற்குக் கட்டிய கப்பம்தான். கடைசியில், டேட்டாபேஸிலேயே ஓர் ஓட்டை, அதற்கு ஒரு பேட்ச் இருக்கிறது, ஆனால் புதிய பதிப்புக்கு மட்டும்தான் தைத்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது. அதற்குப் பெயர் வைக்க கேன்டீனில் ஒரு நொடிகூட ஆகவில்லை. மல்லிகா பேட்ச். ஒத்திகைக்காக வைத்திருந்த நகல் சிஸ்டத்தில் அதை ஒட்டி, மல்லிகாவைத் தொம்மலூருக்கு வரவழைத்துக் காட்டினேன். பட்டனை அழுத்தினாள். திரை உடனே பதில் சொன்னது. அவள் கைதட்டிய தட்டலில் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டாளாம், ஆயுத பூஜை முடிந்ததும் தினமும் டீ நிச்சயம் என்று.

ஆயுத பூஜை விடுமுறையில்தான் அப்கிரேடு. ஃபாக்டரி மூடியிருக்கும் சமயம் அது ஒன்றுதான். பழைய பதிப்புக்கு ஆதரவை நிறுத்தப் போகிறார்கள் என்பதால் தள்ளிப் போடவும் முடியாது.

எல்லாம் தயார் என்று இருந்தபோது, மிச்சமிருந்த பேட்சுகளைப் படித்துக்கொண்டிருந்த நான் ஒன்றில் நின்றுவிட்டேன். அதன் விளக்கம் சின்னது. 'இது அல்லது அது' என்று இரண்டு வழியில் தேடும் சில கேள்விகளுக்கு, புதிய பதிப்பு சில வரிகளை விட்டுவிட்டுப் பதில் தரலாம். பிழைச்செய்தி எதுவும் வராது. அவ்வளவுதான்.

கேன்டீனில் படித்தேன். சார் வழக்கம்போல, "ஹெசரு?" என்றார்.

"தெரியல சார்."

ஷபீர் வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார், "அரே, உலகம் பூரா ஓடுது மேடம். நம்மகிட்ட யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணல. டெஸ்ட்ல யாரும் ஒண்ணும் சொல்லல. விடுங்க."

"சொல்லமாட்டாங்க ஷபீர். திரை தொங்கினா கத்துவாங்க. பதில் கொஞ்சம் கொறைஞ்சு வந்தா, கொறைஞ்சுதுன்னே தெரியாதே. எப்படி அழுவாங்க?"

சார் என்னையே பார்த்தார். சட்டம் அவர் போட்டது. "ஹெசரு இல்லேன்னா ஒட்டறதில்ல. நாளைக்குள்ள ஆளைக் கண்டுபுடிச்சுட்டு வா" என்று எழுந்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. அழத் தெரியாத ஆளை நான் எங்கே போய்த் தேடுவேன்?

மறுநாள் காலையிலிருந்து தேடினேன். எங்கள் மென்பொருளில் 'இது அல்லது அது' என்று கேட்கும் திரைகளை ஒவ்வொன்றாக ஓட்டி, பழைய பதிப்பின் பதிலையும் புதிய பதிப்பின் பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மதியத்துக்குமேல் ஒன்று மாட்டியது. திரும்பப் பெறும் திரை. ஏதாவது ஒரு தயாரிப்புத் தொகுதியில் குறை என்று சந்தேகம் வந்தால், அந்தப் பாட்டில்கள் எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போயின என்று சொல்வது அதுதான். எங்கள் பாட்டில்கள் இரண்டு வழியில் போகும்: ஃபாக்டரியிலிருந்து நேரே பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு, அல்லது டெப்போ வழியாகச் சின்ன ஊர் நர்ஸிங் ஹோம்களுக்கு. புதிய பதிப்பில், டெப்போ வழியாகப் போனவற்றில் சில காணாமல் போயிருந்தன. திரை மட்டும் முழுசாகப் பதில் சொல்லிவிட்டது போல நிம்மதியாக நின்றது.

அந்தப் பேட்சை நகல் சிஸ்டத்தில் ஒட்டப் பார்த்தேன். ஒட்டுமுன் மோதல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி சட்டென்று நிறுத்தியது. இது ஏற்கெனவே ஒட்டிய ஒரு பேட்சோடு மோதுகிறதாம். இரண்டும் ஒரே இடத்தைத் தொடுகின்றனவாம். ஒன்று இருந்தால் மற்றது இருக்க முடியாதாம். எது என்று பார்த்தேன். மல்லிகா பேட்ச்.

கருவியை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன். அதே பதில்.

வழி இல்லாமல் இல்லை. இரண்டையும் சேர்த்து ஒரே ஒட்டாகத் தைத்துத் தரும்படி டேட்டாபேஸ்காரர்களைக் கேட்கலாம். கேட்டேன். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு புதுப் பெயர் வந்து, 'இன்று முதல் உங்கள் கோரிக்கையை நான் கவனிக்கிறேன்' என்று வணக்கம் சொல்லி, முந்தின ஆளுக்கு நான் அனுப்பிய அதே விவரங்களை மறுபடி கேட்டது. கடைசியில் ஒரு புண்ணியவான், தைத்துத் தருகிறோம், ஆனால் வாரக்கணக்கில் ஆகும் என்று உண்மையைச் சொன்னார். ஓட்டை விழுந்த அந்த வசதியையே அணைத்துவைத்துப் பார்க்கலாம் என்றார் ஷபீர். அணைத்துப் பார்த்தோம். மாதக் கடைசிக் கணக்கு மாட்டுவண்டியில் போனது. அதுவும் கைவிடப்பட்டது.

ஆக, விடுமுறைக்குள் ஒன்றுதான். ஒரு பக்கம் பெயரும் முகமும் கைதட்டலும் உள்ள மல்லிகா. இன்னொரு பக்கம் பெயரே இல்லாத யாரோ.

நஞ்சுண்டப்பா சாருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவருக்குக் கிடைக்க இருந்ததைப் பறிப்பதென்றால், அந்த ஆள் எதிரில் இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் முடிவெடுத்துவிட்டு மெயில் அனுப்புவது அவருக்குப் பிடிக்காது. மல்லிகாவைக் கேன்டீன் மேசைக்குக் கூப்பிட்டனுப்பினார். அவளோ பேட்சை ஒட்டியாகிவிட்டது, அதைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, ஒரு டப்பா மைசூர்பாக்கோடு வந்து இறங்கினாள். அந்த டப்பாவைப் பார்த்ததும் நான் தரையைப் பார்த்தேன்.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் முகம் மாறியது.

"இன்னா மேடம் இது? சொம்மா சொம்மா ஆசை காட்டி, இப்போ இல்லேங்கறீங்க! நீங்கதானே கூப்ட்டுக் காட்டுனீங்க? நான் அவருகிட்ட சொல்லிட்டேன். பக்கத்து வூட்டுல எல்லாம் சொல்லிட்டேன். எத்தினி வருசமா நான் அந்த வட்டத்தைப் பாத்துட்டு நிக்கிறேன், தெரியுமா உங்களுக்கு? ஒரே பேஜார் மேடம்!"

அவள் பேசியதில் ஒரு சொல்லும் தப்பில்லை. சார் என் பக்கம் திரும்பி மெதுவாக, "கோமதி, நீ கண்டுபுடிச்சதைத் தோரிசு" என்றார். காட்டச் சொன்னார்.

லேப்டாப்பைத் திருப்பி வைத்தேன். போன வருடத்துத் தொகுதி ஒன்றை எடுத்து, பழைய பதிப்பில் கேட்டேன். ஆஸ்பத்திரிகள் வந்தன. புதியதில் அதையே கேட்டேன். வந்தன, ஆனால் கோலார் பக்கத்து நர்ஸிங் ஹோம் ஒன்று இல்லை. அதுபோல இன்னும் சில இல்லை.

மல்லிகா திரையைப் பார்த்தாள். கோபம் அடங்கவில்லை. ஆனால் கேட்டாள். "இந்த நர்ஸிங் ஹோமுக்கு பொட்டி போச்சுல்ல?"

"போச்சு."

"அப்போ ஏன் காட்டல?"

"அதுக்குத்தான் மல்லிகா அந்த பேட்ச்."

"அது ஒட்டலேன்னா, கெட்ட பாட்டில் எதுனா போச்சுன்னா, இவங்களுக்கு நம்ம போன் போடமாட்டமா?"

"மாட்டோம். இவங்க இருக்காங்கன்னே நமக்குத் தெரியாது."

அவள் மைசூர்பாக்கு டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். நஞ்சுண்டப்பா சாரைப் பார்த்து, "அப்போ ஒட்ட வேண்டியதுதானே சார்? இன்னாத்துக்கு யோசனை?" என்றாள்.

சார் காப்பி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே கிடையாது. ஷபீர்தான் விளக்கினார். "பேரு கெடைக்கல மல்லிகாம்மா. யாருக்கு ஆகும்னு பேரு சொல்லாம சார் ஒட்ட விடமாட்டாரு. பேஷண்டு யாருன்னு நமக்கெப்படித் தெரியும்?"

"இதுக்கா? நாளைக்கு நானுந்தான் ஆஸ்பத்திரில படுப்பேன். எனக்கு ஏத்தறது இன்னா, தேவலோகத்துலருந்தா வருது? நம்ம பாட்டில்தானே? எம்பேரையே வெச்சுடுங்கோ. எப்படியும் எம்பேருல ஒண்ணு இருக்குதில்ல, அதைக் கழட்டி இதுக்கு மாட்டுங்கோ."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க வடையைக் கடித்தேன். பச்சைமிளகாய் மாட்டியதால் கௌரவம் தப்பியது. ஆனால் மல்லிகா ஒன்றும் தியாகிப் பட்டம் வாங்க வரவில்லை. அடுத்த மூச்சிலேயே கேட்டாள். "அது சரி, எம் பஸ்ஸுக்கு இன்னா வழி சார்?"

சார் உயிர் வந்தது போலச் சிரித்தார். "நியாயவாத பிரஷ்னெ, ஞாயமான கேள்வி. பேட்ச் இல்லேன்னா ஆளு. யாரு உன் பேட்சைக் கழட்டினாங்களோ, அவங்க உன் சேர்ல குந்தறாங்க. சேர்த்துத் தைச்ச பேட்ச் வர்ற வரைக்கும், நீ பஸ் டைமுக்கு எழுந்து போ. கோமதி, நீ. ஷபீர், நீ. புதன்கிழமை நான்."

"நானா?" என்றார் ஷபீர்.

"தலையாட்டல்ல நீ நம்பர் ஒன் அல்லவா? அங்க வந்து வட்டத்தைப் பாத்து ஆட்டு" என்றார் சார்.

மைசூர்பாக்கு டப்பா அப்போதுதான் திறந்தது.

அப்கிரேடு நல்லபடியாக நடந்தது. சர்வர் அறையில் குங்குமம் கூடாது என்று சட்டம் போட்ட சாரே, கதவுக்கு வெளியே பூசணிக்காய் உடைத்தார். மல்லிகாவின் பெயரை வாங்கிக்கொண்ட புது பேட்ச் ஒட்டப்பட்டது. திரும்பப் பெறும் திரையில் டெப்போ ஆஸ்பத்திரிகள் ஒன்று விடாமல் வந்து உட்கார்ந்தன.

அதன்பிறகு நான் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் ஆனேன். முறைப்படி பயிற்சி எடுத்து, லாகின் வாங்கி, என் முறை வரும் நாட்களில் பொம்மசந்திரா போய் மல்லிகாவின் நாற்காலியில் உட்காருவேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வட்டம் நின்னா மட்டும் கிளிக் பண்ணுங்கோ மேடம். அவசரப்பட்டு ரெண்டு தபா அழுத்தாதீங்கோ" என்று எனக்கே வகுப்பெடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். கிருஷ்ணகிரி லாரி டிரைவர்கள் சன்னலில் தலையை நீட்டி, "இன்னாக்கா, புதுசா சேர்ந்திருக்கியா? கொஞ்சம் ஸ்பீடா பண்ணுக்கா" என்பார்கள். இத்தனை வருட அனுபவமுள்ள டேட்டாபேஸ் நிர்வாகி என்று அவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? புதன்கிழமைகளில் சார் போவார். அன்றைக்கு மட்டும் ஒரு டிரைவரும் சன்னல் பக்கம் வருவதில்லையாம்.

அந்த வட்டம் எவ்வளவு மெதுவாகச் சுழல்கிறது என்பது எனக்கு அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. வருடக்கணக்காக மல்லிகாவின் புகாரைப் படித்திருக்கிறேன். படிப்பது வேறு, முதுகு வலிக்கப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. டேட்டாபேஸ்காரர்களுக்கு நான் எழுதிய நினைவூட்டல்களில் காரம் தானாக ஏறியது.

ஒருவழியாகச் சேர்த்துத் தைத்த பேட்ச் வந்தது. கேன்டீனில் விளக்கத்தை முழுவதும் படித்தேன். சார், "இது ஒட்டலேன்னா இப்போ யாரு அளுவாங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் மேசையிலிருந்த எல்லோரும் ஒரே குரலில் என் பெயரைச் சொன்னார்கள். கம்பெனி வரலாற்றில் என் பெயரில் இருந்த ஒரே பேட்ச் அதுதான். மல்லிகாவின் திரை அன்றைக்கே ஓடத் தொடங்கியது. அவள் வீட்டுக்காரரோடு டீ குடிப்பதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். அவர் கேமராவைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதோடு முடிந்திருந்தாலே எனக்கு நல்ல கதை. முடியவில்லை.

கொஞ்ச காலம் கழித்து ஒருநாள் மதியம், ஃபாக்டரி சோதனைக்கூடத்தில் மாதிரிக்காக எடுத்து வைத்திருந்த பாட்டில்களில் ஒன்றில், கண்ணுக்கு மெல்லத் தெரிகிற துகள் இருந்தது. சந்தேகம் என்றால் சந்தேகம்தான். அந்தத் தொகுதி முழுவதையும் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவு வந்தது. நான் தொம்மலூரில் உட்கார்ந்து அந்தத் திரை ஓடுவதைப் பார்த்தேன். நேரே போனவை வந்தன. டெப்போ வழியாகப் போனவையும் வந்தன. அந்தப் பேட்ச் இல்லையென்றால் எந்த வரிகள் வந்திருக்காது என்று எனக்குத் தெரியும். அவற்றைத் திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன்.

போன் போடும் வேலை டிஸ்பாட்ச் பிரிவுக்கு. சாயங்காலம், கம்பெனி பஸ் கிளம்பியிருக்கும் நேரம் கடந்த பிறகு, மல்லிகா என்னைக் கூப்பிட்டாள்.

"மேடம், எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஒரே ஒரு நர்ஸிங் ஹோம்தான் பாக்கி, டெப்போ வழியாப் போனது, அன்னிக்குத் திரைல காணாமப் போச்சே, அது. ரிங் போவுது, எடுக்கல. இன்னொரு போன்ல போட்டுட்டே கீறேன்."

"பஸ் போயிருக்குமே மல்லிகா?"

"அது அப்பவே போச்சு. போவட்டும் மேடம். அவருகிட்ட சொல்லிட்டேன், இன்னிக்கு டீயை ஞாயித்துக்கெழமை கணக்குல சேர்த்துக்கலாம்னு. இருங்கோ, எடுத்துட்டாங்க, எடுத்துட்டாங்க!"

என்னை லைனில் வைத்துக்கொண்டே அந்தப் போனில் கன்னடத்தில் பேசினாள். தொகுதி எண்ணை நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "ஆ பாட்டலு யாரிகூ ஹாக்பேடி சிஸ்டர். பக்கதல்லி எத்திடி" என்றாள். யாருக்கும் ஏற்ற வேண்டாம், ஓரமாக எடுத்து வையுங்கள் என்று. பிறகு அந்தப் பக்கம் சொல்வதை வெகுநேரம் கேட்டாள்.

"மேடம்" என்றாள் என்னிடம். "ஸ்டேண்டுல மாட்டிட்டாங்களாம். ஊசி குத்தப் போற நேரத்துல போன் அடிச்சுதாம். கழட்டிட்டாங்க மேடம். கழட்டிட்டாங்க."

"யாருக்கு மாட்டினாங்களாம்?"

"ஒரு அம்மாவுக்காம். பேரு கேட்டேன். மல்லிகா இல்ல மேடம், சரோஜம்மாவாம்" என்று சொல்லி, அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் கார் சாவியை எடுத்துக்கொண்டு, சில்க் போர்டு நெரிசலுக்குள் புகுந்து, அவளை வீட்டில் விட பொம்மசந்திராவுக்குக் கிளம்பினேன்.